ஈன்றவள் ஓய்வும் இன்னொருத்தி உழைப்பும்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதை வெளிப்படையாக மறுத்தவர்கள் மிக அரியர். மருத்துவ நூல்கள் தோன்று முன்னரே மக்கள் அதனை அறிந்திருந்தனர். கருவுற்ற காலத்தில் விரிந்த கருப்பை தன் பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் செல்லும் என்று இன்றைய மருத்துவம் கூறுகின்றது. 31 நாள் என்றும் 40 நாள் என்றும் பல்வேறு நாட்டு வழக்கங்கள் வகுத்த கணக்கு அதற்கு வெகு தொலைவில் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் உண்மை எல்லோருக்கும் வாழ்க்கையாக அமைந்திருத்தல் வேண்டும். ஆனால், அவ்வாறு அமையவில்லை. ஓய்வு பெற்ற தாய்மார் சிலர். பெறாதவர் மிகப் பலர். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் யாது?

இக்கேள்வியை என் முன் கொண்டுவந்து வைத்தது வரலாற்று நூலன்று. என் வகுப்பின் வரவு இடாப்பு. மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நான் ஒன்பதாந் தரத்துக்குப் பொறுப்பாசிரியை. அவ்வகுப்பில் நன்றாகப் படிக்கும் சிறுமியொருத்தி தொடர்ந்து வராதிருந்தாள். இடாப்பில் அவள் பெயருக்கு எதிரே 38 நாட்களுக்கு வரவின்மை குறிக்கப்பட்டிருந்தது. திரும்பி வந்த அன்று காரணங் கேட்டேன். “அம்மாவுக்குப் பிள்ள கெடச்சிருக்கு டீச்சர். சின்னதுங்களப் பாக்க ஆள் இல்ல” என்றாள். குற்றஞ் செய்தவள்போலத் தலை கவிழ்ந்து நின்றாள். அவளுடைய தாய் தோட்டத்திற் பெயர் பதிந்த தொழிலாளி. சட்டப்படி விடுமுறையும் அவளுக்கு உண்டு. தோட்டம் அவளுக்கு விடுமுறை கொடுத்தது. லயத்து வீடு கொடுக்கவில்லை. பீலித் தண்ணீர் சுமக்கவும், விறகு கொண்டுவரவும், மூன்று சிறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கவும் யாரேனும் வேண்டியிருந்தது. அந்த யாரோ ஒருவர் பதினான்கு வயதுப் பெண்ணானாள்.

ஒருத்தி படுத்திருக்க வேண்டுமாயின், அவள் செய்துவந்த வேலையை இன்னொருவர் செய்தல் வேண்டும். அவள் ஈட்டிவந்த பணத்தை இன்னொருவர் கொடுத்தல் வேண்டும். ஆகவே, ஓய்வு என்பது எங்கோ ஓரிடத்தில் இன்னொருவரின் உழைப்பாகவே இருக்கின்றது. அவ்வுழைப்பு யாருடையது, அதற்குரிய செலவை ஏற்பவர் யார் என்ற வினாக்களே மகப்பேற்று ஓய்வின் வரலாற்றை நடத்திச் செல்லுகின்றன. அவற்றைக் கையிலே பிடித்துக்கொண்டு பழங்காலத்திலிருந்து புறப்படுவோம்.

நமது பழைய இலக்கியத்திற் பிள்ளை பெற்ற மனையின் காட்சி உண்டு. அண்மையில் ஈன்ற நிலையைக் குறிக்கப் ‘புனிறு’ என்ற தனிச்சொல்லையே சங்கத் தமிழ் வைத்திருந்தது. நற்றிணையின் 40ஆம் பாடல், ஆண்மகவை ஈன்ற தலைவி நெய்யும் வெண்சிறுகடுகும் அணிந்து நீராடி, இமை பொருந்த உறங்குவதைக் காட்டுகின்றது. பரத்தையிடம் சென்றிருந்த தலைவன் அந்நள்ளிரவிற் கள்வனைப்போல வீட்டுக்குள் வருகின்றான். பாடலின் கவனம் அவன்மீது இருக்கின்றது. ஆயினும், மற்றொருத்தியும் அங்கு இருக்கின்றாள். புதல்வன் செவிலியின் பக்கத்திலே துயில்கின்றான். தாய் உறங்குவதற்குச் செவிலி விழித்திருக்க வேண்டியிருந்தது என்பதைப் புலவர் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிகின்றது. செவிலியை வைத்திருக்கக்கூடிய மனையிலேதான் அத்தகைய உறக்கம் இயலும். தினைப்புனங் காத்தவளும், உப்பு விற்றவளும், மீன் உணக்கியவளும் ஈன்ற பின்னர் எத்தனை இரவு உறங்கினர் என்பதை அறிய நமக்குப் பாடல் இல்லை.

புறநானூற்றிற் பொன்முடியார் பெயரில் உள்ள 312ஆம் பாடல் கடமைகளை வகுக்கின்றது. தாய்க்கும், தந்தைக்கும், கொல்லனுக்கும், வேந்தனுக்கும், மகனுக்கும் அங்குக் கடன் உண்டு. தாயின் கடன் பெற்று வளர்ப்பது. பெற்றவளைப் பேணும் கடன் எவர் தலையிலும் ஏற்றப்படவில்லை. போர்ச் சமுதாயம் வீரனை எதிர்பார்த்தது. வீரனைப் பெற்ற உடம்பைப்பற்றி அது எண்ணவில்லை.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. வணிகன் மனைவியான இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அவளுடைய தாயால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. இறைவனே தாயின் உருவிற் சென்று பணிவிடை செய்தார் என்பது கதை. பேறுகாலத்தில் அருகிருந்து உழைக்க ஓர் ஆள் இன்றியமையாதவர் என்பதை மக்கள் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அந்த ஆள் வராவிட்டாற் கடவுளே வரவேண்டியிருந்தது. கடவுளும் பெண்ணாக மாறியே வரவேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உருவம் மாறாமல் ஓர் ஆண் அப்பணியைச் செய்யலாம் என்று கற்பனை செய்யவும் கதை கட்டியோர் துணியவில்லை.

யாழ்ப்பாணக் கிராமத்துக்கு வருவோம். அங்குப் பிள்ளை பெற்றவளுக்கு 31 நாட் துடக்கு. வேது வார்த்தல், சரக்கு அரைத்துக் கொடுத்தல், உள்ளியும் நல்லெண்ணெயும் சேர்த்த பத்தியக் கறி, பால் சுரக்கச் சுறாமீனும் முருங்கையிலையும் என்று விரிவானதொரு முறை அங்கு வளர்ந்திருந்தது. இன்றும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. இம்முறையில் அனுபவ அறிவு மிகுதியாக உண்டு. அதனோடு கலந்த அறியாமையும் உண்டு. காற்றுப் புகாத அறை, தண்ணீர் குடிக்கத் தடை, கொத்தி என்னும் பேய்பற்றிய அச்சம் ஆகியவை தாயின் உடலுக்கு நன்மை செய்யவில்லை. நீண்ட நாள் அசையாது கிடத்தலும் நன்றன்று. மேல்நாட்டு மருத்துவமனைகளும் வாரக்கணக்கிற் படுக்கவைத்த பழக்கத்தை 1940களிலேதான் கைவிட்டு, விரைவில் எழுந்து நடமாடுவதை ஊக்கத் தொடங்கின. இரத்தக் கட்டிகள் தோன்றும் ஆபத்து அதனாற் குறைந்தது. சுமையிலிருந்தும் பசியிலிருந்தும் கவலையிலிருந்தும் பெறும் விடுதலையையே ஓய்வு என்று இங்குக் கூறுகின்றோம்.

துடக்கு என்ற எண்ணத்தை நாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகின்றோம், ஒதுக்க வேண்டியதே. ஆயினும், அது செய்த வேலையை வரலாற்று மாணவர் ஆராய்தல் வேண்டும். துடக்குடையவள் அடுப்படிக்குள் நுழையலாகாது, கிணற்றில் அள்ளலாகாது. ஆகவே, எந்த மாமியும் அவளைச் சமைக்கச் சொல்ல முடியாது. பெண்ணுக்கு உரிமையாக எதனையும் கொடுக்க அறியாத சமுதாயம், அவளைத் தீட்டுடையவளாக்கி அந்த ஓய்வைக் கொடுத்தது. அவமானத்துக்குள் வைத்து மடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு சலுகை அது.

அச்சலுகையின் செலவு யார்மேல் விழுந்தது? தாயும் தமக்கையும் வீட்டு வேலையை ஏற்றனர். தொப்புட்கொடி அறுக்க மருத்துவிச்சி வந்தாள். துடக்குச் சேலைகளை வண்ணாரப் பெண் எடுத்துச் சென்றாள். குடிமை முறையின்கீழ் இவை அவரவர் சாதிக்குரிய கடமைகள். நெல்லும் துணியும் கூலியாகக் கிடைத்தன. தீண்டத்தகாததென்று கருதிய துணியைத் தீண்டுவதற்கென்றே ஒரு மக்கட் கூட்டத்தைச் சமுதாயம் வைத்திருந்தது. அச்சேலைகளை வெளுத்தவளுக்கும் பிள்ளை பிறந்தது. அவளுடைய சேலையை வெளுக்க எவரும் வரவில்லை. நிலமற்ற கூலிப் பெண்ணுக்கும் 31 நாட் பத்தியம் வழக்கத்தில் உண்டு, பானையில் இல்லை. நிலப்பிரபுத்துவக் கிராமத்தில் ஓய்வு, நிலத்தையும் சாதியையும் பின்பற்றியே நடந்தது.

இந்த வழக்கங்களையெல்லாம் மடியிற் கட்டிக்கொண்டு தென்னிந்தியக் கிராமத்துப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பெருமளவிற் பயிரிடத் தொடங்கினார். பின்னர் கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்திலேயே மிகுந்த ஆட்கள் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். பெண்ணின் கை இன்றியமையாததாயிற்று. குடும்பங்களாகவே ஆட்கள் திரட்டப்பட்டனர்.

இங்கேதான் பழைய வழக்கம் முறிந்தது. வழக்கத்தைச் சுமந்து நிற்பதற்கு வீட்டிலே ஒரு பெண் இருத்தல் வேண்டும். தோட்டமோ பாட்டியையும், தாயையும், மகளையும் ஒருசேரப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது. கடனாளிக் குடும்பம் ஒரு பெயரையும் இழக்க விரும்பவில்லை. வேது வார்க்கத் தெரிந்த கிழவி அருகிலேயே இருந்தாள். ஆனால், கூடை சுமந்து மலைமேல் நின்றாள். பத்துக்குப் பன்னிரண்டு அடியளவான லயக் காம்பராவிற் பிள்ளை பெற்றவள் தனியே கிடந்தாள். தோட்டங்களிற் சிசு மரணம் நாட்டின் பொதுவான அளவைவிட மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

வியப்பளிப்பது வேறொன்று. பிள்ளை பெற்றவளின் ஓய்வைப்பற்றி இலங்கைச் சட்டப் புத்தகம் பேசியபோது அது தோட்டத்துப் பெண்ணையே பேசியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திற் பிள்ளை பெறும் தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறையுளும் கொடுத்தல் தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. மருத்துவ அதிகாரி தகுதியுடையவள் என்று கூறினாலன்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு விடுதலும் ஆகாது. இதனைக் கருணை என்று கொள்ளுவதற்கில்லை. கடல்கடந்து அழைத்து வந்த ஆள் நோயுற்றாலும் இறந்தாலும் தோட்டத்துக்கு நட்டம். இந்திய அரசின் கண்ணும் அத்தொழிலாளர்மீது இருந்தது. மேலும், சட்டத்தை நிறைவேற்ற வேண்டியவர் தோட்டத்துரை. சட்டம் மீறப்பட்டதா என்று முதலில் அறியக்கூடியவரும் அவரே. எழுத்தறியாத பெண் யாரிடம் முறையிடுவாள்?

தோட்டத்துரைமாரின் தாயகத்திலும், அண்டை நாடுகளிலும் அக்காலத்தில் நிலைமை எவ்வாறிருந்தது? கைத்தொழிற் புரட்சி பெண்ணை வீட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டுசென்றது. பிள்ளை பெற்றவள் சில நாட்களிலேயே தறிக்குத் திரும்பினாள். 1877இல் சுவிற்சர்லாந்தின் தொழிற்சாலைச் சட்டம் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரம் பெண்ணை ஆலையில் வேலைவாங்குவதைத் தடைசெய்தது. 1878இல் ஜேர்மனி பிரசவத்தின் பின் மூன்று வாரத் தடை விதித்தது. 1891இல் இங்கிலாந்து நான்கு வாரத் தடை விதித்தது. இங்கிலாந்தின் சட்டம் வேலையைத் தடுத்தது. கூலியைப்பற்றி வாய் திறக்கவில்லை. கூலியில்லாத ஓய்வு ஏழைக்குப் பட்டினியின் மறுபெயர். ஆலையை விட்டு விலக்கப்பட்டவள் துணி துவைக்கப் போனாள். தையலை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

அங்கு மாற்றத்தைக் கொணர்ந்தவர் பெண்களே. இங்கிலாந்தின் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினரான தொழிலாளர் மனைவியரிடம் அவர்தம் பேறுகால அனுபவங்களை எழுதித் தருமாறு கேட்டது. அக்கடிதங்கள் மார்கரெற் லூவெலின் டேவிஸ் அம்மையாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1915இல் நூலாக வெளிவந்தன. அதற்குச் சிறிது முன்னர் நடந்த ஒரு போராட்டம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்புறுதிச் சட்டம் 30 சிலிங் மகப்பேற்றுப் பணம் வழங்கியது. கணவனின் காப்புறுதியிலிருந்து வந்த அப்பணம் கணவனின் பணமாகவே கருதப்பட்டது. பெண்கள் போராடினர். 1913இல் அது தாயின் சொத்து என்று திருத்தம் செய்யப்பட்டது. சட்டத்தின் ஒரு சொல் மாறுவதற்குக் கூட்டங்களும் மனுக்களும் வேண்டியிருந்தன.

1917ஆம் ஆண்டின் இறுதியில் ருஷ்யப் புரட்சி அரசு, பிரசவத்துக்கு முன் எட்டு வாரமும் பின் எட்டு வாரமுமாகப் பதினாறு வாரக் கூலியுடன் கூடிய விடுமுறையை அறிவித்தது. அப்போது சமூக நலத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் அலெக்சாந்திரா கொலந்தாய். தாய்மை தனியாள் சுமக்கும் சுமையன்று, சமுதாயத்தின் பொறுப்பு என்ற கருத்தை அதற்கு முன்னரே விரிவாக எழுதியவர் அவர். புரட்சியின் அறிவிப்பு அனைத்தும் உடனே நிறைவேறிவிட்டன என்று கூறுவது வரலாறாகாது. 1920களில் வேலையின்மை பெருகியபோது பெண்களே பெருந்தொகையாக ஆலைகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆனால், தாயின் ஓய்வுக்குப் பொதுப்பணம் செலவிடப்படலாம் என்ற எண்ணம் அரச ஆணையாக எழுந்து நின்றது. அதன் பின்னர் உலகத்தால் அதனைக் காணாததுபோல இருக்க முடியவில்லை.

1919 நவம்பரில் வொஷிங்டனிற் கூடிய சர்வதேசத் தொழில் மாநாடு தன் மூன்றாவது சமவாயமாக மகப்பேற்றுப் பாதுகாப்பை ஏற்றது. பிரசவத்தின் பின் ஆறு வாரம் வேலை வாங்கலாகாது. அக்காலத்துக்குத் தாய்க்கும் சேய்க்கும் போதிய பணம் வழங்கப்பட வேண்டும். அப்பணம் அரச நிதியிலிருந்தோ காப்புறுதி முறையிலிருந்தோ வரவேண்டும். ஓய்வின் செலவைச் சமுதாயம் பகிர்ந்து ஏற்க வேண்டும் என்ற கொள்கை அங்கு எழுதப்பட்டது. ஆயினும், அச்சமவாயம் கைத்தொழிலுக்கும் வணிகத்துக்குமே உரியது. விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்கு 1921இல் ஒரு பரிந்துரை மாத்திரம் கிடைத்தது. கொழுந்தெடுக்கும் பெண் உலகச் சட்டத்தின் வாசலில் நின்றாள். தோட்டத் தொழிலாளருக்கென மகப்பேற்று விதிகளோடு கூடிய சமவாயம் ஏற்கப்பட்டது 1958இலேயே.

அண்டை நாடான இந்தியாவில் இவ்விவாதம் மிகத் தெளிவாக நடந்தது. 1928இற் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று நன்மை மசோதா வந்தபோது, ஆலை முதலாளிகளின் சார்பில் எதிர்ப்பு எழுந்தது. டொக்டர் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்திற்குமுன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுதல் நாட்டின் நலனுக்குரியது என்றும், ஆகவே அச்சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்றல் முறை என்றும், அரசு ஏற்காத நிலையிற் பெண்ணின் உழைப்பாற் பயன்பெறும் முதலாளி அதனை ஏற்பது தவறாகாது என்றும் அவர் வாதிட்டார். 1929இல் மசோதா சட்டமாயிற்று. யார் செலவு என்ற வினாவை ஒளிக்காமல் மேசைமேல் வைத்த பேச்சு அது.

இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டங்களிலே தொழிற்சங்கம் முளைவிட்டது. நடேசையரும் அவர் மனைவியார் மீனாட்சி அம்மாளும் தொழிலாளரிடையே பேசியும் பாடியும் சங்கம் வளர்த்தனர். இச்சூழலிலேதான் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பிரசவத்தின் பின் நான்கு வாரம் பெண்ணை வேலைக்கமர்த்தலாகாது; விடுமுறைக் காலத்துக்குப் பணம் கொடுத்தல் வேண்டும். அவ்வாண்டு முடியுந் தறுவாயில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. 1940 ஜனவரியிற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். ஒரு கையாற் சட்டத்தையும் மறு கையால் துப்பாக்கியையும் நீட்டிய காலம் அது.

அச்சட்டத்தின் செலவு எவர்மேல் வைக்கப்பட்டது? தனித்தனி முதலாளிமேல். இது நீதியாகத் தோன்றலாம். ஆனால், இதன் விளைவைச் சிந்தித்தல் வேண்டும். பிள்ளைபெறும் வயதுள்ள ஒவ்வொரு பெண்ணும் முதலாளியின் கணக்கில் ஒரு தனிச் செலவாகின்றாள். அவளை வேலைக்கு எடாதிருக்கவும், எடுத்தாலும் நிரந்தரமாக்காதிருக்கவும், உரிமைக்கு வேண்டிய நாட்கள் நிறையுமுன் நிறுத்திவிடவும் அவனுக்கு ஒரு காரணம் பிறக்கின்றது. இதனை உணர்ந்தே சர்வதேசத் தொழில் தாபனம் 1952ஆம் ஆண்டின் சமவாயத்தில், எந்நிலையிலும் இச்செலவுக்குத் தனி முதலாளி தாமே பொறுப்பாளியாதல் ஆகாது என்று எழுதியது. தாய்மையின் செலவு தொழிலாளிப் பெண்ணின் நெற்றியில் விலைச்சீட்டாக ஒட்டப்படுமாயின், அவளுக்கென்று இயற்றிய சட்டமே அவளுக்கு எதிராக வேலை செய்யும்.

ஓய்வோடு பராமரிப்பும் சேர்ந்தபோதுதான் தாய்மார் பிழைத்தனர் என்பதற்கும் நமது நாடே சான்று. 1879இற் கொழும்பிற் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. பயிற்றப்பட்ட மருத்துவிச்சிகள் வீடு வீடாகச் செல்லும் முறை அதன்பின் படிப்படியாகப் பரவியது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950 அளவில் அத்தொகை 600க்குக் கீழ் இறங்கியது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அரசாங்கச் சம்பளம் பெற்றுச் சேற்று வழியில் நடந்துசென்ற மருத்துவிச்சியின் கால்கள் முதன்மையானவை. ஈன்றவளைப் பேணும் உழைப்பு, இங்கே முதன்முறையாகச் சாதிக் கடமை என்ற நிலையிலிருந்து நீங்கிப் பொதுப்பணத்தாற் கூலி பெறும் தொழிலாயிற்று. கிராமத்துக்கு வந்த இந்த முன்னேற்றம் தோட்டத்துக்கு முழுமையாகச் செல்ல நெடுங்காலம் பிடித்தது. அங்குச் சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது; வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று. வாக்கற்றவரின் சுகவீனத்துக்கு அரசியல்வாதி அஞ்சுவதில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984இலேயே வந்தது. மகப்பேற்று விடுமுறையோ 84 நாளாக விரிந்தும், மூன்றாம் பிள்ளை முதல் 42 நாளாகச் சுருக்கப்பட்டது. மூன்றாம் பிள்ளையைப் பெற்றவளின் உடல் பாதி நாளில் ஆறிவிடும் என்று எந்த மருத்துவரும் கூறவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக் கொள்கையின் தண்டனை தாயின் ஓய்விலிருந்து அறவிடப்பட்டது. 2018ஆம் ஆண்டின் திருத்தமே எந்தப் பிள்ளையாயினும் 84 நாள் என்று அந்த அநீதியை நீக்கியது.

இனி என்னைப்பற்றியும் கூறவேண்டியிருக்கின்றது; கூறாவிட்டால் இவ்வாராய்ச்சி நேர்மையுடையதாகாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் பிள்ளை பெற்றபோது அரசாங்க ஆசிரியை என்ற முறையில் 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை பெற்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து என் தாயார் வந்து பத்தியம் சமைத்தார். துணி துவைக்க அருகிலுள்ள லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட இளையவள், என்னைவிட மூத்தவளாகத் தோன்றினாள். ஒரு நாள் குழந்தையின் துணிகளைக் காயப்போட்டவாறே, “எனக்கெல்லாம் இருவதாம் நாளு மரக்கறித் தோட்டத்துல வேலைங்க டீச்சர். கைக்காசு வேலைக்கு ஏது லீவு?” என்றாள். குறைகூறும் குரலன்று; மழை வரும் என்பதைப்போலச் சொன்னாள். நற்றிணைச் செவிலியும், குடிமைக்கு வந்த வண்ணாரப் பெண்ணும் என் வீட்டு முற்றத்தில் நிற்பதை அன்று கண்டேன். என் ஓய்வு சட்டம் தந்த உரிமை. அதனை உண்மையாக்கியது ஒரு கூலிப்பெண்ணின் கை. அக்கைக்கு ஓய்வு கொடுக்கும் சட்டம் அவள் வாசலை அடையவில்லை.

ஏன் அடையவில்லை? சட்டத்துக்கு ஓர் இடாப்பு வேண்டும். செக்றோலிற் பெயருள்ளவளையே அது அறியும். இன்று ஒரு காணியிலும் நாளை மற்றொரு காணியிலும் நாட்கூலிக்கு நிற்பவளுக்கு, வீடு வீடாகத் துவைப்பவளுக்கு, தன் சிறு துண்டில் மிளகாய் நடுபவளுக்கு நன்மை கோர ஒரு முதலாளியே இல்லை. இது முதற் குறை. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. செக்றோலில் உள்ளவளுக்கும் சட்டம் செக்றோல் வேலையிலிருந்து மட்டுமே விடுதலை தருகின்றது. பீலியிலிருந்தும், அடுப்பிலிருந்தும், விறகுக் கட்டிலிருந்தும் அவளை விடுவிக்க அதற்குத் தெரியாது. அவ்வுழைப்பு எந்த இடாப்பிலும் பதியப்படுவதில்லை. பதியப்படாத வேலைக்கு விடுமுறையும் இல்லை. அதனை யாரோ செய்யத்தான் வேண்டும். என் வகுப்பில் அது 38 வரவின்மைகளாகப் பதிவாயிற்று.

தீர்வு அறியாத நிலையில் நாம் இல்லை. ஓய்வின் செலவைத் தனி முதலாளியின் தோளிலிருந்து எடுத்து, 1919இலேயே உலகம் ஒப்புக்கொண்டவாறு பொது நிதியில் வைத்தல் வேண்டும். அப்போதே முதலாளியில்லாத தாய்க்கும் அது சென்றடையும். உலக சுகாதார நிறுவனம் 2022இற் பரிந்துரைத்தவாறு பிரசவத்தின் பின் ஆறு வாரத்துக்குள் நான்கு முறையேனும் தாய் பார்க்கப்படுதல் லயத்திலும் நடைபெற வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா, தாய் கொழுந்தெடுக்கப் போனால் மட்டும் பிள்ளையை ஏற்கும் இடமாக இராது, தாய் படுத்திருக்கும் நாட்களிலும் மூத்த பிள்ளைகளை ஏற்கும் இடமாக வேண்டும். தண்ணீர்க் குழாய் ஒன்று லயத்து வாசலுக்கு வருமாயின், அதுவும் மகப்பேற்று நன்மையே. அரச துறையில் தந்தைக்கு மூன்று நாள் விடுமுறை என்று வைத்திருக்கின்றோம். மூன்று நாளில் ஒருவன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். பானையின் அடியைப் பார்க்க அது போதாது. கதை கட்டியோர் துணியாததை நாம் துணிதல் வேண்டும். ஆண், ஆணாகவே நின்று இப்பணியைக் கற்றல் வேண்டும்.

அச்சிறுமி தவறவிட்ட பாடங்களை மாலை நேரத்திற் கற்பித்து வருகின்றேன். அவளுக்கு வரலாறு பிடித்த பாடம். தோட்டங்கள் எவ்வாறு தோன்றின என்ற பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தவள், “இதுல ஆயாங்க யாரும் வரமாட்டாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். அவளுடைய பாட்டிமாரைக் கேட்கின்றாள் என்பது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. பாடநூலில் துரைமாரின் பெயர்கள் இருந்தன. கோப்பி, தேயிலை ஆகியவற்றின் ஏற்றுமதித் தொகைகள் இருந்தன. அவள் கேட்டவர்கள் அங்கு இல்லை. இல்லாதவர்களை எழுதிச் சேர்ப்பது ஆசிரியராகிய நமது வேலை. இவ்வாண்டு அவ்வகுப்பின் இடாப்பை மூடுமுன், அந்த 38 நாட்களுக்கும் காரணம் எழுத வேண்டிய இடத்தில், ‘சுகவீனம்’ என்று வழக்கம்போல் எழுதாது, ‘தாய்க்கு ஓய்வு கொடுத்தாள்’ என்று எழுதினேன்.